செவலையின் எடையில் ஈரம் கழித்த கதை

நாய் கடித்தவர்கள் எல்லோரும் நாயைத்தான் குறை சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். என்னைக் கடித்த நாயின் பக்கம் முழு நியாயம் இருந்தது. கோர்ட்டில் வழக்கு வந்தால் நாய்த் தரப்புச் சாட்சியாக நானே கூண்டில் ஏறுவேன் (தடயமாக வலது கை ஆள்காட்டி விரல் இருக்கிறது. தழும்பு இன்னும் போகவில்லை).

எழுபதுகளின் நடுவில் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடலைக்காட்டிலிருந்து நேராகக் குளிருக்குள் போய் விழுந்தவன். பெண்கள் பறித்து வரும் கொழுந்தைத் தொங்குதராசில் எடை போட்டு எழுதுவது என் வேலை.

எடை போடுவது பெரிய வித்தையில்லை. கழிப்பதுதான் வித்தை. கூடைக்கு ஒன்றரை கிலோ. மழை நாளென்றால் ஈரத்துக்கு இரண்டு. முற்றின இலை கலந்திருந்தால் அதற்கு ஒன்று. முள் காட்டுவதை அப்படியே எழுதுகிறவன் புது ஆள், கழித்து எழுதுகிறவன் கெட்டிக்காரன் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆறே மாதத்தில் நான் எவ்வளவு கெட்டிக்காரனாகிவிட்டேன் என்றால், மெஸ்ஸில் இட்லி வைத்தால்கூட மனதுக்குள் ஈரத்தைக் கழித்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

அந்த வருஷம் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் நாய்கள் பெருத்துவிட்டன. பெட்டை நாய் வைத்திருப்பவர்கள் அதற்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ய வேண்டும், இல்லையென்றால் நாயை எஸ்டேட்டைவிட்டு அகற்ற வேண்டும் என்று மேனேஜர் துரை உத்தரவு போட்டார். மற்றவர்கள் நாயைச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாள் மட்டும் அனுப்பவில்லை. தனிக்கட்டை. அவளுக்கிருந்த ஒரே உறவு செவலை என்கிற அந்தச் செம்பட்டை நாய்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கால்நடை டாக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். கோட்டயத்துக்காரர், தமிழை மலையாளத்தில் பேசுவார். பேச்சியம்மாள் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அதுக்கு நோவுமா சார்?"

"ஏய், இல்ல. மயக்கி உறக்கித்தான் செய்யும்."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாக. குடும்பக் கட்டுப்பாடு கேம்ப்புல. பாதியில முழிச்சுக்கிட்டேன். கத்தக்கூட விடல, கையைப் பிடிச்சு அமுக்கிட்டாக. எஞ் செவலைக்கு அந்தக் கதி வரக்கூடாது. வருமின்னா சொல்லிருங்க, அதைக் கூட்டிட்டு நானும் கெளம்பிருதேன்."

டாக்டர் குனிந்து செவலையின் தலையைத் தடவினார். பிறகு, "வராது. நான் வாக்குத் தரேன்" என்றார். என் பக்கம் திரும்பினார். "மருந்து கிலோவுக்கு இத்ரன்னு கணக்கு. கூடிப்போச்சுன்னா அது எழும்பில்ல. குறஞ்சுபோச்சுன்னா நடுவில எழும்பும். அதுகொண்டு வெயிட் கரெக்டா வேணும், கேட்டோ?"

"வெயிட்டைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க சார். அதுதானுங்க நம்ம தொழிலே" என்றேன். (இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.)

கொழுந்துக் கூடையில் செவலையை உட்காரவைத்துத் தராசில் மாட்டினேன். அது தன் வாழ்நாளில் முதன்முறையாக ஊஞ்சலாடியதில் சந்தோஷமாக வாலை ஆட்ட, முள்ளும் கூடவே ஆடியது. நின்றபோது பதினாலரை. பழக்கப்பட்ட மூளை உடனே வேலையைத் தொடங்கிவிட்டது. கூடைக்கு ஒன்றரை. சரிதான். தூறலில் நனைந்து வந்திருக்கிறது, ஈரத்துக்கு இரண்டு. முற்றின இலைக்கு ஒன்று. (நாய்க்கு ஏது முற்றின இலை என்று கேட்காதீர்கள். செவலைக்கு ஐந்து வயது.) துண்டுத்தாளில் 'பத்து கிலோ' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டு, பெருமையாக டாக்டரிடம் நீட்டினேன்.

எடை போடும் கொட்டகையில் என் மேஜைதான் ஆபரேஷன் மேஜை. டாக்டர் முதலில் வலி மரக்க ஓர் ஊசி போட்டார். கொஞ்சம் பொறுத்து, முன்னங்கால் நரம்பில் மயக்க மருந்தை மெல்ல ஏற்றினார். செவலை தலையைச் சாய்த்தது. கடிக்காமலிருக்கக் கட்டியிருந்த வாய்க்கட்டை அவிழ்த்து, மூச்சு அடைக்காமலிருக்க நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. வாசலில் லயத்துப் பெண்கள் பாதிப்பேர் கூடிவிட்டார்கள். எனக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

டாக்டர் கத்தியை எடுக்கவில்லை. இடுக்கியால் பின்னங்கால் விரலிடுக்கில் அழுத்தமாகக் கிள்ளினார். கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"உறங்கல்லியே."

"நல்லாத் தூங்குதுங்க சார். நீங்க ஆரம்பிச்சுருங்க" என்றேன் நான், ஏதோ பத்து வருஷம் ஆபரேஷன் பார்த்தவன் மாதிரி.

"வெயிட் எத்ர சொன்னே?"

"எல்லாம் கழிச்சு சுத்தமா பத்து கிலோங்க."

டாக்டர் நிமிர்ந்தார். "கழிச்சா? என்ன கழிச்சே?"

"கூடைக்கு ஒண்ணரை. ஈரத்துக்கு ரெண்டு. அப்புறம்..." சொல்லும்போதே என் குரல் எனக்கே கேட்காமல் போனது. "முத்தின எலைக்கு ஒண்ணுங்க."

எனக்கே கேட்காதது பேச்சியம்மாளுக்குக் கேட்டுவிட்டது. அவள் வெடித்தாள்.

"அடப் பாவி மனுசா! எங் கொழுந்துல தெனம் கழிக்கிறது போதாதுன்னு எந் நாய்லயும் கழிச்சிட்டீராய்யா?"

அந்தச் சத்தத்தில் செவலை அரைக்கண் திறந்தது. எதிரே என் முகம். அதன் வாயில் என் விரல். அது என்ன முடிவுக்கு வந்திருக்கும் என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

நான் போட்ட அலறலில் ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான் என்பார்கள். விரலை உருவிக்கொண்டு பின்னால் சாய்ந்ததில் அயோடின் பாட்டில் என் தலையில் கவிழ்ந்தது. நானும் செம்பட்டை, நாயும் செம்பட்டை.

டாக்டர் மட்டும் பதறவில்லை. பதிமூன்று கிலோவுக்கு எவ்வளவு மருந்து குறைகிறது என்று கணக்குப் பார்த்து ஏற்றினார். மூன்று தடவை கிள்ளிப் பார்த்தார். கால் அசையவில்லை. அதற்கும் மேலே, கீறப்போகும் கோட்டில் ஒரு மரப்பு ஊசியும் போட்டார். நாக்கைப் பிடிக்கும் வேலை என்னிடமிருந்து பிடுங்கிப் பேச்சியம்மாளிடம் தரப்பட்டது. அவள் கண்ணை எடுக்காமல் நாயின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் விரலில் துண்டைச் சுற்றிக்கொண்டு முனகிய என்னைப் பார்த்து டாக்டர் சொன்னார், "கொஞ்சம் மெதுவா கரையணும். பேஷன்ட் உறங்குது." (கரைவது என்றால் மலையாளத்தில் அழுவது.)

தையல் போட்டு முடித்ததும் பேச்சியம்மாள் மறுபடியும் கேட்டாள். "நொந்திருக்குமா சார்?"

"ஒண்ணும் அறிஞ்சிருக்காது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைக் காட்டி, "அந்தா இருக்காரே, அவருக்கும் ஒரு ஊசி போடுங்க. ஈரத்தைக் கழிச்சிட்டுப் போடுங்க" என்றாள். வாசல் கூட்டம் சிரித்த சிரிப்பு மறையூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

விரலுக்கு மூன்று தையல். எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டரிடம் மரப்பு ஊசி உண்டா என்று கேட்டேன். "அதெல்லாம் நாய்க்குத்தான். நீங்க பல்லைக் கடிச்சுக்கோங்க" என்றார். அதோடு தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. செவலைக்கு வயிற்றில் ஒரு கீறல், அதுவும் தெரியாமல். எனக்குப் பதினாலு குத்து, ஒவ்வொன்றும் தெரிந்து.

கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்றார்கள். தினம் சாயங்காலம் லயத்துக்குப் போய், நாய் நன்றாயிருக்கிறதா என்று வாசலில் பவ்வியமாக நிற்பேன். பேச்சியம்மாள் உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள். "கஞ்சி குடிச்சிட்டாய்யா. இன்னைக்கும் நீரு பொழைச்சீரு, போம்."

ஆபரேஷனுக்கு மறுநாள் திங்கட்கிழமை, எடை போடும் இடத்தில் முதல் ஆளாக வந்து கூடையை மாட்டினாள். "ஐயா, இதுல இருக்கிறது கொழுந்து. நல்லாப் பாத்துக் கழியும்." பென்சில் பிடித்த விரலில் தையல் விண்ணென்று தெறித்தது. கூடையை மட்டும் கழித்தேன். அடுத்தவளுக்கும் கூடை மட்டும்தான். அதற்கப்புறம் நான் அங்கே இருந்த வரைக்கும், காரணமில்லாமல் கழிக்கப்போனால் விரல் தெறிக்கும். எஸ்டேட்டில் நான் கெட்டிக்காரன் என்ற பெயர் அத்தோடு போயிற்று.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை மனைவியிடம் சொன்னது என் அடுத்த முட்டாள்தனம். மகள் பிறந்தபோது நர்ஸ் மூன்று கிலோ என்று சொல்ல, பிரசவக் களைப்பிலும் இவள், "அவர் எடை போட்டாருங்களா?" என்று கேட்டாள்.

போன வருஷம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் எடை கேட்டார்.

"எழுபத்திரண்டுங்க."

"ஏனுங்க, கழிச்சாச்சுங்களா?" என்றாள் மனைவி. மகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். டாக்டர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "டாக்டர், இன்னொருக்கா நீங்களே எடை போட்டுருங்க. ஒரு கிராம்கூடக் கழிக்காதீங்க. செருப்பைக்கூடக் கழட்ட மாட்டேனுங்க."