பூங்காவனம் தோண்டிய குழி

முருங்கைக் கொம்பு நடக் கொல்லையில் தோண்டிய குழியிலிருந்து ஒரு தொடையெலும்பு வெளியே வந்தது. பூங்காவனம் செய்த முதல் தப்பு, அதை அடுத்த வீட்டு முனியம்மாவிடம் காட்டியது.

"ஆட்டெலும்பு போல கீது, இல்லக்கா?"

"இம்மா நீட்டுக் காலு ஆட்டுக்கா? அடியே, உம் புருசன் ரங்கூன் போனான்னு சொன்னியே, நெசமா?"

மதியத்துக்குள் கள்ளிக்குப்பமே கூடிவிட்டது. பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று பூங்காவனம் எலும்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி முறத்தில் வைத்தாள். கிராம முன்சீப் ஜம்புலிங்கம் திடுக்கிட்டார்.

"ரத்தக்கறையைக் கழுவிட்டியா?"

"பழைய சுடுகாடா இருக்கும் சாமி..."

"சுடுகாடு ஏரிக்கரையில இல்ல கீது? நீ ஊடு கட்டற வரைக்கும் இது காலி மேடு. புருசன் போட்ட கடுதாசி எங்க?"

"அதுக்கு எழுதத் தெரியாதே!"

"அப்போ தூக்குதான்," என்றாள் முனியம்மா, மூக்கைச் சிந்தியபடி.

மறுநாள் பட்டணத்திலிருந்து போலீஸ் டாக்டர் திருவேங்கடம் வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவன், அவர் படித்த மருத்துவக் கல்லூரியின் கிழட்டுப் பியூன் துலுக்கானம்.

டாக்டர் மீதியையும் தோண்டி எடுத்துப் பாயில் அடுக்கினார். ஒரு கை, ஒரு கால், பாதி இடுப்பு. அவ்வளவுதான். பூங்காவனம் பயத்தை மறந்து எட்டிப் பார்த்தாள்.

"உன் புருஷன் எவ்வளவு உயரம்?"

"நெலவாசல் தலையில இடிக்கும் சாமி."

தொடையெலும்பை அளந்தார். "இந்த ஆள் அஞ்சடிகூட இல்லை. இடுப்பெலும்பு அகலம். பொம்பளை."

"அப்போ என்னைத் தூக்குல போட மாட்டாங்களா?"

"இரு." மண்ணை முகர்ந்தார். "பிணத்தைப் புதைச்சா சதை அழுகி, மண்ணு கறுத்துப் பிசுபிசுன்னு ஆயிடும். இங்கே அது இல்லை. வெறும் எலும்பாத்தான் புதைச்சிருக்காங்க. உள்ளே ஓடின வேரைப் பார்த்தா இருபது வருஷமாவது ஆகியிருக்கும்."

அப்போது பூங்காவனத்துக்கு வயது எட்டு. உயிர் திரும்பியது. கூடவே சந்தேகமும் வந்தது.

"வெறும் எலும்பை எவன் சாமி தூக்கியாந்து பொதைப்பான்? அதுவும் பாதி ஆளை? இன்னா இது, முனையில கம்பி கோக்கத் தொளை போட்டுக்கீது?"

டாக்டர் அந்தத் துளையைப் பார்த்தார். அவருக்கு வியர்த்தது.

"போதும். கேஸ் இல்லை. மூட்டை கட்டு."

"அதெப்படி?" முன்சீப் மீசையை முறுக்கினார். "ஊரையே கலங்க வச்ச திருட்டுப்பய யாருன்னு தெரிஞ்சாகணும்!"

துலுக்கானம் எலும்பில் கீறியிருந்த நம்பரை விரலால் தடவினான். முகமெல்லாம் மலர்ந்தது.

"சாமி! நம்ம காலேஜி முப்பத்தேழாம் நம்பருங்க! அப்போ பரீட்சைக்குப் படிக்க நீங்கதானே இதே கள்ளிக்குப்பத்து அத்தை ஊட்டுக்கு எடுத்துக்கினு போயி, நரி தூக்கிக்கினு பூட்ச்சின்னு அழுதீங்களே!"