சம்பந்தியை அடக்கிய கிராணியார்

உலக மோட்டார் பந்தய வரலாற்றை இனிமேல் எழுத உட்காருகிறவர்கள், மலேசியாவில் புலாவ் செபாங்குக்குப் பக்கத்தில் இருக்கும் புக்கிட் தெராத்தாய் தோட்டத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஒதுக்காவிட்டால் அது வரலாறே அல்ல, டயர் கடை விளம்பரம். ஏனென்றால் 1999ஆம் ஆண்டில், பத்தொன்பது வளைவுகள் கொண்ட மலைப் பந்தயத்தை, எவராலும் அடக்க முடியாத ஒரு காரில், ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டி முடித்த மாவீரர் அந்தத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பரமேஸ்வரன்தான். வயது நாற்பத்து மூன்று. மூக்குக் கண்ணாடி உண்டு, தொந்தி சுமார். பந்தயம் நடந்த இடம் அவர் வீட்டு ஹால். கார் டிவிக்குள் இருந்தது. இந்தச் சில்லறை விவரங்களைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் பொறாமைக்காரர்கள்.

டிவிக்கு வெளியேயும் அவரிடம் ஒரு கார் இருந்தது. மனைவி பவானேஸ்வரி பதினோரு வருடம் எலக்ட்ரானிக் பேக்டரியில் நின்றுகொண்டே வேலை பார்த்து வாங்கிய பழைய புரோட்டோன் சாகா. வாங்கிய அன்றே கோயில் பூசாரி அப்புசாமி வந்து கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, நான்கு டயருக்கு முன்னாலும் நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்தார். அவற்றின் மேல் காரை ஏற்றி நசுக்கினால்தான் திருஷ்டி கழியும், வண்டி ரோட்டுக்குப் போகும்.

"வீட்டுத் தலைவர்தான் மொதல்ல ஏத்தணும். வேற ஆளு ஏத்துனா பூசையோட பலன் அந்த ஆளுக்குப் போயிரும்," என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டுத் தலைவரிடம் லைசென்ஸ் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் இரண்டாவது முறையாக டெஸ்டில் பெயிலாகி வந்திருந்தார்.

"நாலடி ஏத்துறதுக்கு எதுக்குண்ணே லைசென்ஸ்? உங்க வீட்டு வாசல்தானே லா," என்றார் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் வீரமுத்து.

"சட்டம்னா சட்டம்தான் தம்பி. அடுத்த வாட்டி பாஸாயிட்டு ஏத்துறேன். பழம் எங்க ஓடிறப் போவுது?"

பழம் ஓடவில்லை. எட்டு மாதம் அங்கேயே இருந்து, பழுத்து, கறுத்து, சுருங்கிக் கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது. வீரமுத்து வாரம் ஒருமுறை வந்து எஞ்சினை மட்டும் சூடாக்கிவிட்டு இறங்கிக்கொள்வார். ஓர் அங்குலம் நகர்த்தவும் அவருக்கு அனுமதி கிடையாது.

காருக்கு அவசரம் மகள் தாரணியால் வந்தது. மலாக்கா நகரத்துப் பள்ளி ஒன்றில் அவளுக்கு அறிவியல் வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. பள்ளி பஸ் பெரிய ரோட்டோடு போய்விடும், தோட்டத்துக்குள் வராது. வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு எண்ணெய்ப்பனைக்கு நடுவில் ஐந்து மைல் செம்மண் பாதை. காலை ஆறு மணிக்குள் அவளை அங்கே கொண்டுபோய் விட யாராவது வேண்டும். வீரமுத்துவின் லாரி நான்கு மணிக்கே கிளம்பிவிடும். கார் ஓடாவிட்டால், பள்ளி திறந்ததும் தாரணி உம்பாயில் அத்தை பெரியநாயகி வீட்டில் தங்க வேண்டும். அத்தைக்கு அங்கே கடல் உணவுக் கடை. "தங்கட்டுமே, சாயங்காலத்துல எறா உரிச்சுக் குடுத்துட்டுப் படிக்கட்டும்," என்று அத்தை அன்போடு சொல்லியனுப்பியிருந்தார். அத்தை வீட்டில் இறால் உரிக்கப் போனவர்கள் யாரும் இதுவரை படித்ததாகத் தகவல் இல்லை.

"நான் கொண்டுபோய் விடுறேன்மா. அப்பா சொன்னா சொன்னதுதான்," என்று பரமேஸ்வரன் மகளுக்கு வாக்குக் கொடுத்தார். அப்படிச் சொன்னபோது மனசாரத்தான் சொன்னார்.

அவரைக் கவிழ்த்தது டெஸ்ட் மைதானத்தில் இருக்கும் ஒரு மேடு. அதில் காரை ஏற்றி, பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். பெரிய மேடு ஒன்றுமில்லை, ஆடு ஏறி மேயும். ஆனால் அதில் நின்றதும் முதுகுக்குப் பின்னால் பூமியே இல்லாததுபோல அவருக்குத் தோன்றும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. "அந்தக் கார்ல கிளட்ச் சரியில்ல" என்றுதான் சொல்லுவார்.

குறையைப் போக்க அவர் 'நவீனப் பயிற்சிச் சாதனம்' ஒன்றை வாங்கினார். பொறாமைக்காரர்கள் அதை வீடியோ கேம் என்பார்கள். தாம்பின் இரவுச் சந்தையான பசார் மாலாமில் வாங்கிய சிடியைப் போட்டால் டிவியில் நூறு கார்கள் வந்து நின்றன. டிவிக்குப் பொருத்தமான உயரத்தில் வீட்டில் ஒரே ஒரு மேசைதான் இருந்தது. அது தாரணியின் படிப்பு மேசை. அவள் புத்தகங்கள் சமையலறைக்குக் குடிபெயர்ந்தன.

"கொஞ்ச நாளைக்குத்தான்மா. அப்பா பாஸாவுறது உனக்காகத்தானே," என்றார்.

"சரிப்பா," என்றாள் தாரணி.

செய்தி பரவியதும் தோட்ட இளைஞர் மன்றம் கிராணி வீட்டு ஹாலுக்கே வந்து கூடியது. மன்றத்தில் ஏழு இளைஞர்கள். இருப்பவர்களில் சின்னவருக்கு முப்பத்தெட்டு வயது. தலைவர், தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முனுசாமி, துணைத் தலைவர் வீரமுத்து, ஆலோசகர் பூசாரி அப்புசாமி. பரமேஸ்வரன் 'தலைமை ஓட்டுநர்' என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் தாரணி எழுதினாள். கிராணியின் கையெழுத்தைக் கிராணியாலேயே திரும்பப் படிக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு.

சிடி ஜப்பான் பாஷையில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் புலாவ் செபாங்கிலேயே இல்லை. ஆகவே மன்றம் ஆராய்ச்சியில் இறங்கியது. மூன்றாவது வரியை அழுத்தினால் பந்தயம் என்று கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நான்காவது வரியை அழுத்தினால் என்ன ஆகும் என்பதைத் துணைத் தலைவர் வீரமுத்து கண்டுபிடித்தார். கார் விற்றுப்போனது. அன்று மன்றம் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்தது. "தீர்மானம் 4: நான்காவது வரியைத் துணைத் தலைவர் இனி எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது" என்று தாரணி அழகாக எழுதினாள்.

கார்களில் ஒன்று மட்டும் யாருக்கும் படியவில்லை. எவ்வளவு மரியாதையாக நடத்தினாலும், லேசாக வேகம் கூட்டினாலே வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலியில் போய் நிற்கும். அதற்கு மன்றம் 'சம்பந்தி' என்று பெயரிட்டது. சம்பந்தியை வைத்து மலைப் பந்தயத்தை முடிப்பது மனிதனால் ஆகாத காரியம் என்று வீரமுத்துவே கையை விரித்துவிட்டார். அவர் இருபது வருடமாக நிஜ லாரி ஓட்டுகிறவர்.

பரமேஸ்வரன் விடவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுவார். மழைநாளில் ஒரு கூட்டம், வெயில்நாளில் ஒரு கூட்டம். கடைசியில் சம்பந்தியின் குணம் அவருக்குப் பிடிபட்டது.

"வளைவுக்கு முன்னாலயே பிரேக் போடணும்! உள்ள போயிட்டுப் போட்டா செத்தோம்! எண்ணெய மெதுவா குடு, மெதுவா, குழந்தைக்குப் பால் குடுக்கிற மாதிரி குடு!" என்று அவர் போடும் சத்தம் சமையலறைவரை கேட்கும். அங்கே கடுகு தாளித்துக்கொண்டிருக்கும் பவானேஸ்வரி கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்தப் பயிற்சியின் முழுப் பலனும் மூன்றாவது டெஸ்டில் வெளிப்பட்டது. மேட்டின் பாதியில் எஞ்சின் அணைந்து, கார் பின்னால் உருள ஆரம்பித்தது. பரமேஸ்வரன் பதறவில்லை. இரண்டு கட்டைவிரல்களாலும் ஸ்டியரிங்கின் நடுவை அழுத்தினார். ஹார்ன் அலறியது. மறுபடியும் அழுத்தினார். பக்கத்தில் இருந்த அதிகாரி, என்ன செய்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"ரீஸ்டார்ட்," என்றார் பரமேஸ்வரன், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நிஜக் கார்கள் இன்னும் போதிய அளவு முன்னேறவில்லை என்று மன்றம் அவருக்கு ஆறுதல் தீர்மானம் போட்டது.

பள்ளி திறக்க இரண்டு வாரம் இருந்தது. நான்காவது டெஸ்ட் ஒரு சனிக்கிழமை காலைக்குக் கிடைத்தது. இனி தவறினால் உம்பாய்தான். அந்த வாரம் பார்த்துத்தானா தங்கா பத்து என்ற ஊரிலிருந்து ஓலை வர வேண்டும்? அந்த வட்டாரத்து வீரர் ஹரிதாஸ் சவால் விட்டிருந்தார். சம்பந்தி காரில், மலைப் பந்தயம், பத்துச் சுற்று. அவருக்கு ஓய்வு அந்தச் சனிக்கிழமை காலை மட்டும்தான்.

ஒரு பக்கம் மகளின் படிப்பு. மறுபக்கம் தோட்டத்தின் மானம். மாவீரர்களுக்கு மட்டுமே வரும் தர்மசங்கடம் இது. பரமேஸ்வரன் நன்றாக யோசித்தார். யோசித்தபோது அந்த மேடு கண்முன் வந்தது. உடனே தோட்டத்தின் மானம் பெரிதாகத் தெரிந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் பவானேஸ்வரி "ஓவர்டைம் இருக்கு" என்று சேலையை விட்டுச் சுடிதார் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகும்போது கணவரின் சட்டையைத் தேய்த்து, அடையாள அட்டையை மறக்காமல் பையில் வைத்தார்.

"பயப்படாம ஏத்துங்க என்னாங்க. ஒண்ணும் ஆவாது."

"நான் எதுக்குப் பயப்படுறேன்?" என்றார் பரமேஸ்வரன்.

பவானேஸ்வரியின் தலை மறைந்ததும் அவர் மகளைக் கூப்பிட்டார். "டெஸ்ட் தள்ளிப் போச்சும்மா. ஆபீசர் லீவாம்."

"யாருப்பா சொன்னாங்க?"

"சொன்னாங்க."

தாரணி போய்க் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

எட்டு மணிக்கெல்லாம் ஹரிதாஸ் வந்து இறங்கினார். சொந்தக் கண்ட்ரோலரைத் துணியில் சுற்றி, கல்யாண நகை கொண்டுவருவதுபோல் கொண்டுவந்திருந்தார். மன்றத் தலைவர் முனுசாமி வரவேற்புரை ஆற்றினார். பூசாரி டிவிக்குத் திருநீறு வைத்தார். முதலில் ஹரிதாஸ் ஓட்டினார். ஒன்பது சுற்று வரை மின்னல்தான். பத்தாவது சுற்றில் மலை உச்சி வளைவில் ஆசைப்பட்டு ஒரு பொட்டு வேகம் கூட்டினார். சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுத்துப் பரமேஸ்வரன். ஐயா, அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்வது! வளைவுக்கு முன்னால் பிரேக், வளைவில் பொறுமை, வளைவு தாண்டி வேகம். பத்துச் சுற்று, நூற்றுத் தொண்ணூறு வளைவு, ஒரு கீறல் இல்லை. மலை உச்சியிலும் அவருக்குப் பயமே இல்லை. முதுகுக்குப் பின்னால் சோபா இருந்தது.

"தூக்குலா அவர!" என்று கத்தினார் வீரமுத்து. நான்கு பேர் சேர்ந்து முயன்று, தூக்க முடியாமல், மாலையை மட்டும் போட்டார்கள். தலைவர் முனுசாமி, 'மலைவேந்தர்' என்ற பட்டத்தை வழங்கிப் பேச ஆரம்பித்தார். பேச்சு பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டை நெருங்கியபோது, வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. டிரைவிங் ஸ்கூல் வேன். அதிலிருந்து பவானேஸ்வரி இறங்கினார்.

உள்ளே வந்தவர் மாலையைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார்.

"பரமேஸ்வரன் அனாக் லெலாக்கி தம்புசாமி," என்றார் பவானேஸ்வரி மெதுவாக, தம்புசாமி மகன் என்று மலாயில் பெயர் கூப்பிடும் டெஸ்ட் அதிகாரியைப் போல. "மூணு வாட்டி கூப்பிட்டாங்க. நான் அங்கதான் பெஞ்சுல உட்காந்திருந்தேன். மூணாவது வாட்டி நாந்தான் எந்திரிச்சு, வரலைங்கன்னு சொன்னேன்."

"நீ... நீ எதுக்கு அங்க போன?"

"நாலு மாசமா மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கத்துக்கிட்டேன். உங்க டெஸ்டு அன்னைக்கே எனக்கும் போடச் சொல்லிக் கேட்டு வாங்குனேன். அந்த மேட்டுல நிக்கிறப்ப தெரிஞ்ச முகம் ஒண்ணு கண்ணுல பட்டா உங்களுக்குப் பயம் போயிரும்னு நெனச்சேன்."

பரமேஸ்வரனுக்குக் காது சுட்டது. தான் பயந்தது அவளுக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. மாலை கழுத்தை அறுத்தது. கழற்றலாமா, கழற்றினால் மன்றத்துக்கு அவமரியாதையா என்று தெரியாமல் நின்றார்.

"நீ பாஸா?" என்றார் கடைசியில்.

"பாஸுங்க. வளைவுக்கு முன்னால பிரேக் போடணும், எண்ணெய மெதுவா குடுக்கணும். நீங்க கத்துனத கேட்டுக் கேட்டே பாதி படிஞ்சிருச்சு. மேடு ஒண்ணும் பெருசா இல்ல."

பவானேஸ்வரி ஆணியில் மாட்டியிருந்த கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். மன்றம் முழுவதும் பின்னால் போனது. பூசாரி அப்புசாமிக்குத் தன் கடமை நினைவுக்கு வந்தது.

"யம்மா, இரும்மா. மொத தடவ ஏத்துறது வீட்டுத் தலைவரா இருக்கணும்..."

"ஆமாண்ணே, நானும் அதத்தான் சொல்றேன்," என்றார் பவானேஸ்வரி, கதவைத் திறந்து உட்கார்ந்தபடி. "லைசென்ஸ் கைக்கு வர ஒரு வாரம் ஆவும். வாசல்ல நாலடிக்கு அது வேண்டாம்."

பூசாரி கிராணியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "சரி, ஏத்தும்மா," என்றார்.

கார் முனகிக்கொண்டு நகர்ந்தது. எட்டு மாதம் காய்ந்த பழங்கள் நசுங்கவில்லை, பட்பட்டென்று உடைந்தன. நான்கு சத்தம். தாரணி ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினாள். நான்கு என்றதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மன்றத் தலைவர் முனுசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நிலைமையைச் சமாளிப்பது தலைவரின் பொறுப்பு. "இன்னைக்கு நம்ம தோட்டத்துக்கு ரெண்டு வெற்றி," என்று அறிவித்தார். "தாரணி, நடந்தத ஒண்ணு விடாம எழுதிப் படிம்மா. வருங்காலத்துக்கு வேணும்."

தாரணி வாசற்படியில் உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடித்ததும், அப்பாவைப் பார்க்காமல், கணீரென்ற குரலில் படித்தாள்.

"இன்று காலை தங்கா பத்து ஹரிதாஸ் அவர்களை வென்று, தலைமை ஓட்டுநர் திரு. பரமேஸ்வரன் மலைவேந்தர் பட்டம் பெற்றார். அதே நேரத்தில் டெஸ்ட் மைதானத்தில் அவர் பெயர் மூன்று முறை அழைக்கப்பட்டது. அவர் வரவில்லை. காரணம்: கார் ஓட்டிக்கொண்டிருந்தார்."