குதிரைக்குப் பட்ட கண்ணூறு

ஒரு கேமை இருபது வருடமாக விளையாடுகிறவன் அதைப் பாராட்டி நீங்கள் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டீர்கள். திட்டிக்கொண்டே இருப்பான். திட்டுவது நின்றுவிட்டால் ஆள் கேமை விட்டுவிட்டான் என்று அர்த்தம்.

நான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. (சொன்னால், ஏழாம் பாகம் திறம் என்று வாதாடுகிற கூட்டம் நான் இருக்கிற வட்டுக்கோட்டைக்கே பஸ் ஏறி வந்துவிடும்.) எங்கள் பக்கத்தில் அதைக் குதிரைக் கேம் என்போம். ஒரு வீரன், ஒரு கறுப்புக் குதிரை, அவன் விட்டுவிட்டு வந்த ஒரு ஊர். ஒவ்வொரு பாகத்திலும் அந்த ஊரை நோக்கிக் கொஞ்சத் தூரம் போவான். பாகம் முடியும்போது ஊர் இன்னும் தூரத்தில்தான் இருக்கும்.

பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய காலத்தில், கணினி வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய் இரண்டாம் பாகத்தை முடித்தேன். அதன் முடிவில் குதிரையை ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். விக்கி விக்கி அழுதேன். (பரீட்சை முடிவு வந்தபோது அழுதவர்கள் வேறு ஆட்கள்.)

மூன்றாம் பாகத்துக்குப் பிறகு எல்லாம் இறக்கம்தான். நாலாம் பாகத்தில் வழிகாட்ட அம்புக்குறி போட்டார்கள். ஐந்தில் ஒரு புதுக் குதிரையைக் கொடுத்தார்கள்; அது வாய் ஓயாமல் பகிடி விட்டது. ஆறில் அந்தக் குதிரைக்குத் தொப்பி விற்றார்கள். எட்டாம் பாகத்தை என் கணினி ஏற்கவே இல்லை, ஆகவே அது படுமோசம் என்று ரசிகர் குழுவில் எழுதினேன். எந்தப் பாகம் வந்தாலும் அந்தக் குழுவில் முதல் ஆளாக நான் எழுதுவது ஒரே வசனம்தான்: "மூன்றோடு முடிந்தது."

பிறகு ஒன்பதாம் பாகத்தை அறிவித்தார்கள். இதுதான் கடைசி, வீரன் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான் என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அது புதிய கேம் பெட்டியில் மட்டும்தான் ஓடும். பெட்டியின் விலையை மனைவி சுகந்தியிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"கிணத்து மோட்டர் பழுதாகிக் கிடக்குது," என்றாள். அவ்வளவுதான் கதை.

பெட்டி கஜனுக்குக் கிடைத்தது. கஜன் சுகந்தியின் தம்பி, தொண்டைமானாற்றில் தன் தாயோடு, அதாவது என் மாமியோடு, இருக்கிறான். பல்கலைக்கழகம் கிடைத்ததற்குக் கனடாவில் இருக்கும் மூத்த அக்கா அனுப்பிய பரிசு, கூடவே ஒன்பதாம் பாகம். அவன் எனக்குத் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வியை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

"அத்தான், இது ஒன்பதாவதாம். முந்தின எட்டும் தெரிஞ்சிருக்க வேணுமே?"

அன்று பிடித்த எரிச்சல் நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கி அங்கேயே குடியிருந்தது. அந்தக் குதிரைக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவனுக்குக் கடைசிப் பாகமா? அடுத்த சனிக்கிழமை எனக்குத் திடீரென்று பக்தி வந்தது.

"சந்நிதி முருகனிட்டை ஒருக்காப் போட்டு வருவம்," என்றேன். கோயில் மாமி வீட்டுக்குப் பக்கத்தில்.

சுகந்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கலியாணம் கட்டின நாளிலையிருந்து நான் கூப்பிட்டு வராத ஆள். என்ன, உடம்புக்கு ஏதும் செய்யுதே?"

முருகனிடம் ஐந்து நிமிடம் நின்றோம். மாமி வீட்டில் பின்னேரம் முழுவதும் இருந்தோம். பெட்டியை மாமி விறாந்தையை ஒட்டிய முன்னறையில், கண்ணாடி அலுமாரிக்குள், பீங்கான் பொம்மைகளுக்கு நடுவில் வைத்திருந்தார். தூசி படக்கூடாது என்று, அவன் விளையாடும்போதும் பூப்பின்னல் போட்ட துணியால் மூடி, அலுமாரிக் கதவையும் சாத்தியிருந்தார். அலுமாரியில் கை வைத்தபோது கண்ணாடி சுட்டது. அதை நான் யோசித்திருக்க வேண்டும். என் கண் திரையில் இருந்தது.

கேம் மோசமாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருந்தேன். மோசமாக இல்லை. அம்புக்குறியை எடுத்துவிட்டார்கள். வாயாடிக் குதிரையைக் காணோம். மழை பெய்தால் மண் கறுக்கிறது. இருபது வருடமாக நான் கேட்டதெல்லாம் அதில் இருந்தது, இருந்ததெல்லாம் கஜன் கையில் இருந்தது. வீரனின் கிழட்டுக் குரு சாகக் கிடந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். கஜன் ஒரு பொத்தானை அமத்தினான். குரு மறைந்து அடுத்த சண்டை வந்தது.

"டேய், உந்தக் கதையைத் தாண்டாதை!"

"சும்மா கதைதானே அத்தான்."

சும்மா கதையாம்! வாயில் வந்ததை விழுங்கினேன். அவன் நல்ல பிள்ளை, அதுதான் இன்னும் எரிச்சல். கட்டுப்பாட்டுக் கருவியை என் பக்கம் நீட்டி, "இந்தாங்கோ, நீங்கள் கொஞ்சம் விளையாடுங்கோவன்," என்றான்.

இரண்டு கையாலும் வாங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "எனக்கு வேண்டாம். மூண்டோடை முடிஞ்சுது," என்றேன். சரி என்று திரும்பிவிட்டான். இன்னொருமுறை கேட்பான் என்று இருட்டும்வரை காத்திருந்தேன். கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் பக்தி வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை போனபோது கஜன் கடைசி இடத்துக்கு வந்திருந்தான். வீரன் ஒரு ஆற்றங்கரையில் நிற்கிறான். அக்கரையில் அவனுடைய ஊர், ஓட்டுக்கூரை தெரிகிற தூரத்தில். பாலம் இல்லை. அப்போது பனிப்புகாருக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒன்று நடந்து வந்தது. கறுப்புக் குதிரை. இரண்டாம் பாகத்துக் குதிரை! நெற்றியில் அதே வெள்ளைச் சுட்டி.

நான் என்னை மறந்து எழும்பிவிட்டேன். "ஐயோ, என்ன வடிவு! குடுத்து வைச்சவனடா நீ!" என்று வீடு அதிரக் கத்தினேன்.

டக் என்றது. திரை கறுத்தது. பெட்டியின் விளக்கும் அணைந்தது. கஜன் பொத்தானை அமத்தினான், திருப்பி அமத்தினான், வயரைப் பிடுங்கிச் செருகினான். அசைவே இல்லை.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மாமியின் குரல் வந்தது. "ஆர் இப்ப கத்தினது?"

கஜன் மெல்ல என் பக்கம் திரும்பினான். மாமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். செத்துப்போன பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மூண்டு கிழமையா வந்து கண்வெட்டாமல் பாத்துக்கொண்டிருந்தால் இரும்பும் வெடிக்கும். போதாததுக்கு வாயாலையும் சொல்லியாச்சு," என்றார். "நான் ஆரையும் குறையாய்ச் சொல்லேல்லைத் தம்பி." (மாமி தம்பி என்று கூப்பிடுவது மருமகனான என்னைத்தான்.)

கண்ணூறு கழிப்பதைத் தடுக்க வழியில்லை. பெட்டியை அலுமாரியிலிருந்து வெளியே எடுத்து, துணியை நீக்கி, ஒரு ஸ்டூலில் வைத்தார்கள். பக்கத்தில் கஜன் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தான். மாமி காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் ஒரு பிடி ரோட்டு மண்ணும் கையில் பொத்தி, இரண்டு பேரையும் சேர்த்து மூன்றுதரம் சுற்றினார்.

கண்ணூறு கழிக்கிற முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுற்றிய மிளகாயைத் தணலில் போடுவார்கள். நெடி கிளம்பி எல்லாரும் இருமினால் கண்ணூறு இல்லை. நெடியே வராவிட்டால் கண் பட்டிருக்கிறது, அதுவும் பொல்லாத கண்.

முற்றத்தில் சிரட்டைத் தணல் தகதகத்தது. மாமி மிளகாயைப் போட்டார். படபடவென்று வெடித்தது. நாங்கள் நாலு பேரும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். ஒரு நெடியும் இல்லை. (கடல் பக்கத்துக் காற்று புகையை அப்படியே வேலிக்கு மேலால் கொண்டுபோனது. இதை நான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.) மாமி தலையை மெல்ல ஆட்டத் தொடங்கினார். மருமகன் என்று இந்த வீட்டில் எனக்கிருந்த மரியாதை அந்தத் தலையாட்டலோடு போகப்போகிறது என்று தெரிந்தது. ஏதாவது செய்தாக வேண்டும்.

இருமினேன்.

சாதாரண இருமல் இல்லை. குனிந்து, நெஞ்சைப் பிடித்து, கண்ணைக் கசக்கி, "அப்பாடி, என்ன நெடி! தாங்கேலாது மாமி!" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு இருமினேன். நிமிர்ந்து பார்த்தால் மூன்று பேரும் சுகமாக மூச்சு விட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சுகந்திதான் முதலில் வாய் திறந்தாள். "இஞ்சை ஒரு நெடியும் இல்லையே. உங்களுக்கு மட்டும் எங்கையிருந்து வருது?"

"அம்மா, அத்தான் பொய்க்கு இருமுறார்," என்றான் கஜன்.

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கஜன் உள்ளே போய்ப் பொத்தானை அமத்தினான். பெட்டி பளிச்சென்று உயிர்த்தது. அலுமாரிக்குள் கிடந்து சூடேறி நின்ற பெட்டி, வெளியே எடுத்து வைத்ததும் ஆறிவிட்டது. மெசின், காற்று, வெப்பம் என்று நான் விஞ்ஞானம் பேசினேன். மிளகாய் சுற்றி எழும்பின பெட்டிக்கு முன்னால் என் விஞ்ஞானத்தை யார் கேட்பார்கள்?

"தம்பி குறை நினையாதேங்கோ. அவன் முடிக்குமட்டும் விறாந்தையிலை இருங்கோ. தேத்தண்ணி கொண்டு வாறன்," என்றார் மாமி.

இருந்தேன். உள்ளே குளம்புச் சத்தம் தண்ணீருக்குள் இறங்குவது கேட்டது. பிறகு ஒரு பாட்டு தொடங்கியது. இரண்டாம் பாகத்தில் வந்த அதே மெட்டு. வீரன் ஊருக்குள் போகிறான், நான் மாமியின் தேத்தண்ணியோடு வெளியே இருக்கிறேன். கஜனை அன்றுபோல் நான் என்றைக்கும் வெறுத்ததில்லை. பாட்டு பாதியில் நின்றது.

கஜன் வாசலுக்கு வந்து, "முடிஞ்சுது அத்தான்," என்றான்.

"ஊருக்குள்ளை ஆர் இருந்தது? என்ன நடந்தது?"

"தெரியேல்லை. பாட்டு நீண்டுகொண்டு போச்சு, தாண்டிப்போட்டன்."

அந்த முடிவை நான் இன்னும் பார்க்கவில்லை. கைபேசியில் தட்டினால் வரும், ஆனால் மற்றவன் விளையாடியதைப் பார்ப்பதா என்று ஒரு வீம்பு. என் இருமல் மட்டும் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. யார் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும், யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், "முதல்லை அத்தான் வந்து இருமட்டும்," என்பார்கள். கனடா அக்கா புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியபோது வீடியோ அழைப்பில் என்னை இருமவைத்துவிட்டுத்தான் வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

போன கிழமை, கடைசிப் பாகம் என்று சத்தியம் செய்தவர்கள் வெட்கமில்லாமல் பத்தாம் பாகத்தை அறிவித்தார்கள். முன்னோட்டத்தில் கறுப்புக் குதிரை, பக்கத்தில் ஒரு குட்டி. அதைப் பலதரம் பார்த்து முடித்துவிட்டு, குழுவுக்குப் போய் வழக்கம்போல் முதல் ஆளாக எழுதினேன்: "மூன்றோடு முடிந்தது."

கொஞ்ச நேரத்தில், இப்போது அந்தக் குழுவில் சேர்ந்திருக்கும் கஜனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பேச்சு ஒன்றும் இல்லை. அன்று நான் செய்ததுபோலவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு இருமுகிற ஓர் இருமல், பின்னால் மாமியின் சிரிப்பு. சுகந்தி அதைத் தன் கைபேசிக்கு அழைப்பு மணியாகப் போட்டு வைத்திருக்கிறாள்.