மாதாவுக்கு ஒரு நடை உப்பு

போன ஞாயித்துக்கெழமை எனக்கு ஒரே ஒரு வேலை. மாதா கோயில் திருவிழாப் பூசைக்கு ஒரு தட்டு உப்பு கொண்டு போவணும்.

உப்பு. அதுவும் ஊரைச் சுத்தி உப்பளமா இருக்கற மரக்காணத்துல. இதுல என்னா தப்பு நடந்துடப் போவுதுன்னு தான் நானும் நெனச்சேன்.

ஒண்ணு சொல்லிடறேன். நான் இந்த ஊர் ஆளு கெடையாது. கிளியனூர்க்காரன். ஸ்டெல்லாவைக் கட்டிக்கிட்டு மாமியார் வீட்டோட வந்து, மெயின் ரோட்டுல ஒரு ஜெராக்ஸ் கடை போட்டு உக்காந்துட்டேன். உப்பு சாம்பார்ல இருக்குதா இல்லியான்னு சொல்லுவேன். அதுக்கு மேல எனக்கும் உப்புக்கும் சம்பந்தம் இல்ல.

மாமியார் அப்படி இல்ல. காலம் பூரா உப்பளத்துல கூடை சொமந்தவங்க. முட்டி தேஞ்சு போயி ரெண்டு வருஷமா ஊட்டுக்குள்ளயே கெடக்கறாங்க. தெனமும் ஜெபமாலை முடிஞ்சதும் தெருவுக்கே கேக்கற மாதிரி ஒரு வேண்டுதல்: "மாதாவே, எனக்கு நடையக் குடு தாயே. கோயிலுக்கு வந்து உன் மொகத்தப் பாத்துட்றேன்."

கேட்டுக் கேட்டு எனக்கே மனசு தாங்கல. அவங்களால கோயிலுக்குப் போவ முடியலன்னா, மாதா தேரு எங்க தெருவுக்கு வரட்டுமே. ஃபாதர் பின்னாடியே அலைஞ்சு அவரை நச்சரிச்சு ஒத்துக்க வெச்சேன்.

"சரி அல்போன்ஸ், வரோம். ஆனா போலீஸ் பர்மிஷன் எட்டு மணி வரைக்கும் தான். லேட் ஆச்சுன்னா மொதல்ல கட் ஆவறது உங்க தெரு தான்"னு சொல்லிட்டாரு. கூடவே அந்த வேலையும் குடுத்தாரு. "இந்த வருஷம் பிரசங்கமே உப்பைப் பத்தி தான். காணிக்கைப் பவனியில வைக்க நம்ம உப்பளத்து உப்பா கொஞ்சம் கொண்டாங்க."

உப்பளம் வெச்சிருக்கற ஏழுமலை அண்ணனை டீக்கடையில புடிச்சேன். அவரு முருக பக்தர். ஆனா மாதா கோயில் கூழுக்கு மொத ஆளா வந்து நிப்பாரு.

"அண்ணே, ஞாயித்துக்கெழமை எங்க மாதாவுக்குத் திருவிழா. உங்க அளத்து உப்பு வேணும்ணே."

"மாதாவுக்கு இல்லாததா? எத்தினி நடைபா வரணும்?"

பெரிய மனுஷன், நாலு தடவை அலையணுமோன்னு யோசிக்கறாரு போலன்னு நெனச்சிக்கிட்டேன்.

"சேச்சே, உங்கள அலைய விடுவேனா? ஒரே ஒரு நடை போதும்ணே. நாலு மணிக்குள்ள வந்துடணும்."

அவரு மொகம் கொஞ்சம் வாடிப் போச்சு. "மாதாவுக்கு ஒரு நடை தானா?"

என்னா பக்தி பாருங்கன்னு எனக்குப் புல்லரிச்சிடுச்சு.

ஞாயித்துக்கெழமை நாலாச்சு. அவரு வரல. போன் அடிச்சா எடுக்கல. பூசை மணி அடிச்சாச்சு. ஸ்டெல்லா பட்டுப்புடவையில நின்னுக்கிட்டு காலித் தட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா.

"ஏங்க, இந்த ஊர்ல உப்பு கெடைக்கலன்னு வெளிய சொல்லிடாதீங்க. என் மானம் போயிடும்."

ஓடினேன். மளிகைக் கடையில பாக்கெட் உப்பு ஒண்ணு வாங்கி, பிரிச்சுத் தட்டுல கொட்டினேன். மாவாட்டம் இருக்குது. ஃபாதர் அந்தத் தட்டைக் கையில வாங்கி, ஒரு செகண்டு உத்துப் பாத்துட்டு, பீடத்துல வெச்சிட்டாரு. வெச்ச வரைக்கும் லாபம்.

ஃபாதர் அப்பத்தைத் தூக்கிக் காட்டற எழுந்தேற்றம் வந்துச்சு. எல்லாரும் முட்டி போட்டுத் தலை குனிஞ்சிருக்கோம். ஊசி போட்டா கேக்கும். அப்போ வெளிய ஒரு டிராக்டர் சத்தம். ரிவர்ஸ் எடுக்கறான். அப்புறம் 'சர்ர்ர்'னு ஒரு சத்தம்.

எவன்டா அவன், பூசை நேரத்துலன்னு மனசுக்குள்ள திட்டினேன்.

பூசை முடிஞ்சு வெளிய வந்து பாத்தா, தேர்க் கொட்டகை வாசல்ல வெள்ளை மலை. அதுக்குப் பின்னால சீரியல் லைட்டு, பூவு எல்லாம் போட்டு, மாதா தேரு உள்ளயே மாட்டிக்கிச்சு. மாதா தலையும் கிரீடமும் மட்டும் மலைக்கு மேல தெரியுது.

பக்கத்துல ஏழுமலை அண்ணன், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, சந்தோஷமா.

"டிராக்டர் பஞ்சராயிடுச்சுபா, அதான் லேட்டு. நீ சொன்ன மாதிரியே ஒரு நடை. காலியா இருந்த எடமாப் பாத்துக் கொட்டச் சொன்னேன்."

அப்போ தான் எனக்கு உறைச்சுது. இந்த ஊர்ல நடைன்னா டிராக்டர் ஒரு வாட்டி ரொப்பிக்கிட்டு வர்ற லோடு. இத்தினி வருஷமா இந்த ஊர் சோத்தைத் தின்னுட்டு இது கூட எனக்குத் தெரியல.

ஃபாதர் வந்தாரு. உப்பைப் பாத்தாரு. "அல்போன்ஸ், கொஞ்சம்னு தானே சொன்னேன்?"

"அவரு எத்தினி நடை வேணும்னு தான் கேட்டாரு ஃபாதர். நான் தான் கொறைச்சேன்."

மணி ஆறரை.  மாமியார் மூணு மணிக்கே புதுப் புடவை கட்டிக்கிட்டு வாசல்ல சேர் போட்டு உக்காந்திருக்காங்க. தேர் வரலன்னா அந்த மொகத்துல நான் எப்படி முழிக்கறது?

கோயில் ஜனம் முக்காவாசி உப்பளத்துல வேலை செய்யறவங்க தான். கையெடுத்துக் கும்பிட்டேன். "அக்கா, ஆளுக்கு நாலு கூடை அள்ளுனா வழி கெடைச்சிடும்."

அன்னம்மா அக்கா பட்டுப்புடவை முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு ஒரு பார்வை பாத்தாங்க. "வருஷத்துல இன்னிக்கு ஒரு நாள் தான் உப்பு மொகத்துல முழிக்காம இருக்கறோம். அதுக்குத் தான் திருவிழாவே. நீ இங்கயும் கொண்டாந்து கொட்டிட்டு அள்ளச் சொல்றியா?"

யாரும் அசையல. நானும் ஏழுமலை அண்ணனும் சமையல் பந்தல்ல இருந்து ஆளுக்கொரு கூடை எடுத்துட்டு வந்து அள்ள ஆரம்பிச்சோம். பேண்டு செட்டுக்காரன் சும்மா நிக்கறோமேன்னு எங்க வேலைக்கு ஏத்த மாதிரி வாசிச்சான். அவமானத்துக்கு மியூசிக்கு வேற.

ஏழேகால் ஆச்சு. மலை அப்படியே தான் நிக்குது.

"தேரையாவது மந்திரிச்சு வைப்போம்"னு ஃபாதர் தீர்த்தத்தை எடுத்துக்கிட்டு வந்தாரு. கிட்டப் போவ முடியல. நின்ன எடத்துல இருந்தே கையை வீசித் தெளிச்சாரு. தேர் வரைக்கும் போகல. பூரா உப்பு மேல தான் வுழுந்துச்சு.

எல்லாரும் உப்பைப் பாத்தாங்க.

"ஃபாதர் உப்பை மந்திரிச்சிட்டாரு"ன்னாங்க அன்னம்மா அக்கா.

அவ்ளோ தான். பட்டு முந்தானையில அள்றாங்க, ஹெல்மெட்டுல அள்றாங்க, பிரியாணி டபராவுல அள்றாங்க. திருஷ்டிக்கு ஆவும், மாட்டுக்கு ஆவும், புது வூட்டுக்கு ஆவும்னு பேச்சு. கும்பிட்டுக் கேட்டப்போ ஒரு கை வரல. இப்போ ஒரே தள்ளுமுள்ளு. "எனக்கு இல்லியா?"ன்னு ஒருத்தர் என்னையே தள்ளிட்டுப் போறாரு. ஏழுமலை அண்ணனும் தான் கொட்டின உப்புலயே ஒரு பை ரொப்பிக்கிட்டாரு.

தேர் போற அளவுக்கு வழி வந்துடுச்சு. "மொதல்ல உங்க தெரு, அல்போன்ஸ். இல்லன்னா நீங்க இன்னொரு ஐடியா பண்ணுவீங்க"ன்னாரு ஃபாதர்.

எட்டு அடிக்கறதுக்குள்ள தேரு எங்க வாசல்ல நின்னுச்சு. மாமியார் சேரைப் புடிச்சுக்கிட்டுத் தட்டுத் தடுமாறி எழுந்து நின்னாங்க. கண்ணுல தண்ணி ஊத்துது. மாதா மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. ஸ்டெல்லா அழுவுறா.  பட்ட அவமானமெல்லாம் இதுக்காகத் தானேன்னு எனக்கு இருந்துச்சு.

தேர் திரும்பிடுச்சு. மாமியார் உக்காந்து, கண்ணைத் தொடைச்சிக்கிட்டு என்னைப் பாத்தாங்க. விஷயம் எனக்கு முன்னாடியே ஊட்டுக்கு வந்து சேந்திருக்குது.

"ரெண்டு வருஷமா மாதா கிட்ட நடை கேட்டது நானு, மாப்ள. அவங்களும் ஒரு டிராக்டர் நெறைய குடுத்துட்டாங்க. எறக்கற எடத்தைத் தான் போயும் போயும் உங்க கிட்ட விசாரிச்சிட்டாங்க."