ஒன்பதெழுத்து மந்திரம்

எண்ணிக்கையில் நான் தவறியதில்லை. எண்ணியதில்தான் தவறியிருக்கிறேன்.

மாப்பிள்ளையின் பனியன் கம்பெனிக்கு அது முதல் நேரடி ஏற்றுமதி. நூற்று எண்பத்தாறு பெட்டிகள். பன்னிரண்டு மணிக்குள் லாரி கிளம்பாவிட்டால் தூத்துக்குடியில் கப்பல் போய்விடும். பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர்களோ ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள். அது லினக்ஸில் ஓடுவது. காலையில் போட்டதும் திரை கறுத்துவிட்டது. மாப்பிள்ளை விமானத்தில் இருந்தார். ஆபீஸில் இருந்தது ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாராகிய நான் (சும்மா பார்த்துக்கொள்ளத்தான் சொல்லியிருந்தார்கள்).

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் செந்திலுக்குப் போன் போட்டேன். குண்டடத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

"திரையை ஓட்டற டிரைவருக்கும் நேத்து போட்ட அப்டேட்டுக்கும் ஆகலைங்க சாமி. கிளம்பறப்பவே அதை எழுப்பாதேன்னு ஒரு வார்த்தை போட்டுட்டா ஓடிருமுங்க. மெனு வந்ததும் 'ஈ' அமுக்குங்க. லினக்ஸ்னு ஆரம்பிக்கற வரியோட கடைசில, என், ஓ, எம், ஓ, டீ, ஈ, எஸ், ஈ, டீ. ஒன்பதெழுத்துங்க."

அடித்தேன். எண்ணினேன். ஒன்பது. கறுப்பு.

"எழுத்து சரீங்களா?"

"மூணு தடவை எண்ணிட்டனுங்க."

"அப்ப மறுக்கா போடுங்க."

ஒருமுறை அடித்தது மறுமுறைக்கு நிற்காதாம். பதினோரு முறை அடித்தேன், ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டே. நாலாவது முறை பேக்கிங் இசக்கியம்மா இரண்டு டம்ளருடன் வந்து நின்றாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி.

"நான் கேக்கலையேம்மா."

"நீங்கதான டீ, டீன்னு ரெண்டு மட்டம் சத்தம் போட்டிய?"

எட்டாவது டம்ளரோடு, "வயிறு என்னத்துக்கு ஆவும் அண்ணாச்சி?" என்று அவளே நிறுத்திக்கொண்டாள்.

பன்னிரண்டு பத்துக்கு லாரி காலியாகப் போனது. ஒன்று இருபதுக்குப் பட்டு வேட்டியோடு செந்தில் பைக்கில் வந்து இறங்கினார். அவர் முன்னால் இன்னொரு முறை அடித்துக் காட்டினேன். திரையை ஒருமுறைதான் பார்த்தார்.

"சாமி, முதல் டீ டஜனுக்கு வர்ற டீங்க. நீங்க ரெண்டு எடத்துலயும் டீ-சர்ட் டீயைப் போட்டிருக்கறீங்க."

டீ-சர்ட் ஊரில் நாற்பது வருடம் இருப்பவனுக்கு வேறு டீ எங்கிருந்து ஞாபகம் வரும்? "தப்புன்னு இந்த மிஷின் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"தெரியாத வார்த்தைன்னா அது கண்டுக்காம போயிருமுங்க."

முப்பத்தோரு வருடத்தில் அப்படியொரு மாணவனை நான் பார்த்ததில்லை.

பெட்டிகள் அடுத்த கப்பலில் போயின. கெஞ்சிக் கூத்தாடி மாப்பிள்ளை ஆர்டரைக் காப்பாற்றிக்கொண்டார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும் சிலிண்டர்காரர் வாசலில் ஓடிபி கேட்டால், "அப்பா, நீங்க இருங்க" என்று மகள் போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். எண்களில் டீ கிடையாதம்மா என்கிறேன். கேட்டால்தானே.