அமிர்தத்துக்கு மூச்சு வாங்கியது

கச்சிராயபாளையத்திலிருந்து மலையடிவாரம் வரை ஓட்டப் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் ஓடப்போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். மோட்டார் காயில் கட்டுகிற செல்லமுத்து ஓடப் போறானாம் என்று தெருவே சிரித்தது. அந்த ரோஷத்தில் வெறி பிடித்தாற்போல் ஓடினேன். முட்டி வீங்கிவிட்டது.

டாக்டர் அமுக்கிப் பார்த்தார்.

“ஓட்டத்தக் கம்மி பண்ணுங்க. ஒருநாள் விட்டு ஒருநாள், மெதுவா. இல்லன்னா முட்டி உங்கள உக்கார வச்சிடும்.”

குறைத்தால் போட்டி போச்சு. குறைக்காவிட்டால் முட்டி போச்சு. என் மனைவி அமிர்தத்துக்குத் தெரிந்தாலோ மானமே போச்சு. ‘இந்த வயசுல இன்னாத்துக்கு?’ என்று முதல் நாளே கேட்டவள்.

திட்டம் போட்டேன். விடிந்ததும் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பி, அடுத்த தெரு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவேன். சட்டையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, மூச்சிரைக்க வீடு திரும்புவேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று டீ கிளாஸால் முகத்தை மறைத்துக்கொள்வேன். ஓடியிருந்தால்கூட நெஞ்சு அப்படி அடித்திருக்காது.

ஒருநாள் அமிர்தம் சட்டையை வாங்கிப் பார்த்தாள்.

“இன்னாங்க, சட்ட நனைஞ்சிருக்குது, பனியன் காஞ்சிருக்குது?”

“அது... வேர்வை வெளிய வந்துடுச்சி.”

“நாளைலேர்ந்து நானும் வரேன்.”

“நீ இன்னாத்துக்கு?”

“ஒடம்பு ஜாஸ்தியாயிடுச்சி.”

மறுநாள் கொஞ்ச தூரம் போவதற்குள், “மெதுவாப் போங்க, மூச்சு வாங்குது” என்றாள். மெதுவாகவே போனோம். அதற்கடுத்த நாள், “இன்னிக்கி முடியலங்க” என்று படுத்துக்கொண்டாள். இப்படியே ஒருநாள் ஓட்டம், ஒருநாள் படுக்கை. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். வெளியே முறைத்தேன்.

“உன்னால என் பிராக்டிஸே கெட்டுப்போச்சு!”

பக்கத்து வீட்டுக் காசிநாதனிடமும், “பொண்டாட்டிய இட்டுக்கினு எங்கப்பா ஓடுறது?” என்று அலுத்துக்கொண்டேன்.

வீக்கம் வடிந்தது. பயம் வடியவில்லை. போட்டியன்று கோட்டில் நின்று முட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அமிர்தம் வந்து நின்றாள். புடவைக்கு மேல் சட்டை. சட்டையில் நம்பர்.

“நீ எங்க இங்க?”

“நானும் பேரு குடுத்துட்டேன். முட்டி எப்பிடி கீது?”

“எந்த முட்டி?”

“தூக்கத்துல ‘கம்மி பண்ணிக்கிறேன் டாக்டரு’ன்னு பொலம்பிக்கினு தடவுவீங்களே, அந்த முட்டி. நேரா சொன்னா கேப்பீங்களா? அதான் எனக்கு மூச்சு வாங்குச்சி.”

“அப்ப... நெசமா வாங்கலையா?”

“கரும்பு வெட்டுற எடத்துக்கு சோத்துக்கூடையத் தூக்கிக்கினு ஓடுன ஒடம்புங்க இது.”

விசில் ஊதினார்கள். என் முட்டி வலிக்கவே இல்லை. அமிர்தத்தின் முதுகு கொஞ்ச தூரம் வரை தெரிந்தது.

மெடலோடு அவளும் பக்கத்தில் நானும் நிற்கிற போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நான் வந்து சேர்ந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று வெகுநேரம் காத்திருந்தாளாம்.