கருவாடு கூடாத வீடு

"ஏங்க, செருப்பு எதுனா எரியுதா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள் சுகப்பிரியா.

"சோயா விழுதுடி. புளிக்க வச்சது. கொரியாக்காரங்க குழம்பு" என்றான் பரசுராமன், பெருமையாக.

ஒரகடம் கம்பெனியில் அவனைச் சூப்பர்வைசர் ஆக்குவதா வேண்டாமா என்பது கொரியாக்கார மேனேஜர் பார்க் கையில் இருந்தது. அந்தப் பார்க் இன்று படப்பையில் இருக்கும் இவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். கடைக்காரன் ஒரு ஸ்பூன் போதும் என்றுதான் சொன்னான். ஒரு ஸ்பூனில் எவனுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது? பரசுராமன் டப்பாவையே கவிழ்த்துவிட்டான்.

"மேல ஓனரம்மாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சோம். கருவாடு சமைக்க மாட்டோம்னு சொன்னப்புறந்தான இந்த வூட்டையே குடுத்தாங்க?"

"தெரியும்டி. கருவாட்டுக் குழம்ப வாயில வச்சே எவ்ளோ நாளாச்சுன்னு கேன்டீன்ல பார்க் சார்கிட்ட பொலம்பிக்கினு இருந்தேன். மனுஷன் கண்ணு கலங்கிட்டாரு."

குழம்பு ஒரே உப்பு. புளியைக் கரைத்து ஊற்றினான். கொதிக்கக் கொதிக்க வாசனை தெருவுக்கே கிளம்பியது. சாம்பிராணி போட்டான், இப்போது செருப்புக் கடையே எரிகிற மாதிரி இருந்தது. கடைசியில் டேபிள் ஃபேனை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தான். அந்த ஜன்னலுக்கு நேர் மேலே ஓனரம்மா தாயாரம்மாளின் பூஜையறை. அட ராமா!

தடதடவென்று இறங்கி வந்தார் தாயாரம்மாள். "கருவாடுதான?"

"ஐயோ, சுத்த சைவம்மா! நீங்களே பாருங்க" என்று அவர் மூக்குக்கு நேராக மூடியைத் திறந்தான் பரசுராமன். அந்தப் புத்தி அவனுக்கு ஏன்தான் வந்ததோ!

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வந்ததும், "இதுக்குக் கருவாடே தேவலாம். நாளைக்கே வூட்டக் காலி பண்ணுங்க!" என்று கத்திவிட்டு மாடியேறினார்.

சுகப்பிரியா அழவே ஆரம்பித்துவிட்டாள். "உங்க சூப்பர்வைசரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். பிள்ளைங்கள இட்டுக்கினு எங்க போறது?"

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. பார்க் இறங்கித் தலைகுனிந்து வணங்கினார். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் பெரிய சூட்கேஸ்.

சூட்கேஸைப் பார்த்ததும் பரசுராமன் டிரைவர் மோகனை ஓரமாக இழுத்தான். "இன்னாப்பா, சார் ஊருக்கே கெளம்பிட்டாரா? அப்ப என் போஸ்ட்டு?"

"போஸ்ட்டு உங்களுக்குத்தாண்ணே, அது கெடக்கட்டும்" என்றான் மோகன். "உங்களுக்கோசரம் கருவாட்டுக் குழம்பு வச்சாருண்ணே. அவரு வூட்டு ஓனரு வெளிய போன்னுட்டாரு. வேற வூடு கெடைக்கிற வரைக்கும் இங்கதான் தங்கிக்கப் போறாராம்."